நன்கொடை வேறு, நஷ்டஈடு வேறு

(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், இயற்கைப் பாதுகாப்புத் தொண்டு நிறுவனம் ஒன்றில் பெரிய நன்கொடைகள் திரட்டும் பிரிவுக்குத் தலைமை வகிக்கும் சகோதரி ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



நான் திருவொற்றியூர்ப் பொண்ணு. எங்க அம்மா உங்களை மாதிரி ஒரு குழுவில் இருந்தவங்க. சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் நடக்கும். கணக்கு நோட்டை நான்தான் தூக்கிட்டுப் போவேன். அம்மாவுக்கு எழுத வராது, ஆனா யார் எந்த மாசம் தவணை கட்டலைன்னு நோட்டைப் பார்க்காமலேயே சொல்லுவாங்க. நான் இந்த வேலைக்குச் சேர்ந்தப்போ, "என்னம்மா வேலை?" என்று கேட்டாங்க. "பெரிய மனுஷங்களைப் பார்த்து, காடு, ஆறு, கடலைக் காப்பாத்தறதுக்குப் பணம் கேட்கிற வேலைம்மா" என்றேன். ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, "அப்போ பிச்சை எடுக்கறதுக்கு ஆபீஸ் வெச்சிருக்காங்களா?" என்றாங்க. சிரிக்காதீங்க. பதினாலு வருஷமா அந்தக் கேள்விக்குத்தான் நான் பதில் தேடிக்கிட்டிருக்கேன்.

இன்னிக்கு என்னை அழைத்ததற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். எண்ணூர் ஆத்தோரத்தில் அலையாத்திச் செடி வளர்க்கிற வேலையைக் கூட்டமைப்பே எடுத்துச் செய்யலாமா, அதுக்குப் பெரிய தொகையை யார்கிட்ட, எப்படிக் கேட்கிறது என்று தலைவி அக்கா கேட்டாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். நான் தப்புப் பண்ணினதையும் சேர்த்தே சொல்றேன்.

முதல்ல ஒரு கேள்வி. இங்கே எத்தனை பேர் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரியில் பிறந்தவங்க, இல்லை அங்கே பிள்ளை பெத்தவங்க? கையைத் தூக்குங்க. பார்த்தீங்களா, பாதி மண்டபம். அந்த நாலு எழுத்து ஒரு மனுஷனோட பேரு. ராஜா சர் ராமசாமி முதலியார், 19-ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த வணிகர். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற பழைய சத்திரமும் அவர் கொடுத்ததுதான். அதே ராயபுரத்தில் பார்சிக்காரங்க கோயில் ஒண்ணு இருக்கு, 1910-இல் கட்டினது. பதிமூணு வயசில் இறந்துபோன தன் மகன் ஜால் நினைவாக பிரோஜ் கிளப்வாலா என்பவர் கட்டினார். பெரிய தொகை கொடுக்கிறவங்க எதுக்காகக் கொடுக்கிறாங்க என்பதற்கு இந்த ரெண்டுமே பதில். ஒருத்தருக்குத் தன் பேரு நிலைக்கணும், இன்னொருத்தருக்குப் போன பிள்ளையை மறக்கக்கூடாது. இதில் எது உசத்தி, எது மட்டம் என்று நான் பார்க்கறதில்லை. ஆனா கேட்கப் போகிறதுக்கு முன்னாடி, எதிரே உட்கார்ந்திருக்கிறவர் மனசில் என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கணும். அதுக்கு நாலு தடவை போகணும், வாயை மூடிக்கிட்டு கேட்கணும். என் வேலையில் பாதி நேரம் கேட்கிறதுலதான் போகுது. நான் சொல்றது காதால கேட்கிறதை.

நம்மில் பலர் நினைக்கிறோம், பெரிய பணம் எப்பவும் வெளியிலிருந்து வரும் என்று. எனக்குத் தெரிஞ்ச வரை முதல் பணம் உள்ளேயிருந்துதான் வந்திருக்கு. எம்.எஸ். சுவாமிநாதன் ஐயாவுக்கு 1987-இல் உலக உணவுப் பரிசு கிடைச்சது. அந்தப் பரிசை முதன்முதலா வாங்கினவரே அவர்தான். 2 லட்சம் டாலர். அந்தப் பணத்தைப் போட்டுத்தான் மறு வருஷம் நம்ம சென்னையில் ஆராய்ச்சி நிறுவனத்தை ஆரம்பிச்சார். பிச்சாவரம், முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காட்டைத் திரும்ப வளர்க்கிற வேலையில் அந்த நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்கு 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. அமெரிக்காவில் இருக்கிற ரெண்டு தமிழ் டாக்டர்கள், ஜானகிராமன், திருஞானசம்பந்தம், ஆளுக்கு 5 லட்சம் டாலரை முதல்ல வெச்சாங்க. அதுக்கப்புறம்தான் ஊர் உலகத்துத் தமிழர்கள் எல்லாம் சின்னதும் பெரிசுமா கொடுத்தாங்க, தமிழ்நாடு அரசும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. முதல் ஆள் கையை வைக்காம அடுத்த ஆள் பையில் கையை விட மாட்டார்.

"அவங்க டாக்டர், விஞ்ஞானி, நாங்க மீன் விக்கிறவங்க" என்று நீங்க சொல்லலாம். சரி, 1974-ஐப் பாருங்க. அகமதாபாத்தில் சேவா அமைப்பைச் சேர்ந்த 4,000 பெண்கள், காய்கறி விக்கிறவங்க, வண்டி இழுக்கிறவங்க, தையல்காரங்க, ஆளுக்கு 10 ரூபாய் போட்டு சொந்தமா ஒரு வங்கியையே ஆரம்பிச்சாங்க. கணக்குப் போட்டா 40,000 ரூபாய். அன்னிக்கு அந்த 40,000-தான் பெரிய நன்கொடை.

இப்போ என் தப்பு ஒண்ணைச் சொல்றேன். வேலைக்குச் சேர்ந்த புதுசு. பழைய வண்ணாரப்பேட்டையில் பிறந்து வளர்ந்து, தொழிலில் நல்லா வந்த ஒரு பெரியவர். மூணு மாசம் போய் வந்து பழகியாச்சு. ஆமை முட்டையிடுற கடற்கரையைக் காட்டியாச்சு. அவருக்கும் மனசு இளகிடுச்சு. "சொல்லும்மா, நான் என்ன பண்ணணும்?" என்று அவரே கேட்டார். எனக்குத் தேவை 5 லட்சம். வாயில் வந்தது என்ன தெரியுமா? "உங்களால முடிஞ்சதைக் கொடுங்க சார்." அவர் சந்தோஷமா 5,000 ரூபாய்க்குச் செக் எழுதிக் கொடுத்தார். காபியும் கொடுத்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். அவர் கஞ்சன் இல்லை. நான் தொகை சொல்லலை, அவருக்கு எப்படித் தெரியும்?

குழுவில் யாராவது "உங்களால முடிஞ்ச கடனைக் கொடுங்க" என்று கேட்கிறோமா? இவ்வளவு தொகை, இதுக்காக, இத்தனை தவணை என்று சொல்றோம், தீர்மானம் எழுதறோம், கையெழுத்துப் போடறோம். வங்கி மேலாளர் இங்கேயே இருக்கார், அவர்கிட்ட நாம வெட்கப்படறதில்லை. அதே வாய்தான் நன்கொடை என்று வந்தா மட்டும் குழறிப் போகுது. தொகையைச் சொல்லுங்க. சொல்லிட்டு நிறுத்துங்க. அவர் யோசிக்கிற அந்த ஒரு நிமிஷம் ரொம்ப நீளமா இருக்கும். நாமே பயந்துபோய், "இல்லைன்னா பாதி கொடுத்தாலும் போதும் சார்" என்று குறைச்சிடுவோம். காசிமேட்டில் மீன் விலை பேசற அக்காக்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. யார் முதல்ல வாயைத் திறக்கிறாங்களோ அவங்களுக்கு நஷ்டம்.

அலையாத்தி விஷயத்துக்கு வர்றேன். செடி நடறதுக்குப் பணம் கிடைக்கிறது சுலபம். எத்தனை ஆயிரம் கன்று என்று போர்டு வைக்கலாம், போட்டோ எடுக்கலாம், எல்லாருக்கும் அது பிடிக்கும். ஆனா நடறது செலவில் சின்னப் பங்குதான். கடல் தண்ணி ஏறி இறங்க வாய்க்கால் வெட்டணும். மீன் முள் மாதிரி, நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், ரெண்டு பக்கமும் கிளை. பிச்சாவரத்தில் அப்படித்தான் செய்தாங்க. வெட்டின வாய்க்கால் வருஷா வருஷம் சேறு அடைக்கும், திரும்பத் தூர் வாரணும். மாடு, ஆடு மேயாம ஆள் போட்டுக் காவல் காக்கணும். மழைக்கு முன்னாடி விதை சேர்க்கணும், நாத்து வளர்க்கணும், செத்த இடத்தில் மறுபடி நடணும். இது மூணு வருஷம், அஞ்சு வருஷ வேலை. நம்ம ஆத்தில் இன்னொரு தொல்லை, காக்கா ஆழி. கப்பல் தண்ணியோட வந்ததாகச் சொல்ற அந்தச் சிப்பி, அடியெல்லாம் படர்ந்து இறால் நிக்கிற இடத்தை மூடுது. அதை எடுக்கிறதுக்கும் கூலி வேணும். "காவலாளி சம்பளம்" என்று போர்டு வைக்க எந்தக் கொடையாளியும் ஆசைப்பட மாட்டார். ஆனா நீங்க கேட்க வேண்டியது அதைத்தான். கன்றுக்கு மட்டும் பணம் வாங்கிட்டு வந்தீங்கன்னா, அடுத்த ஆடி மாசம் வெறும் குச்சிதான் நிக்கும், பதில் சொல்றது நீங்களா இருப்பீங்க.

கொடையாளியை ஆபீஸில் வெச்சுப் பேசாதீங்க, ஆத்துக்குக் கூட்டிட்டு வாங்க. தண்ணி வத்துற நேரமா பார்த்துக் காட்டுக்குப்பத்திலிருந்து படகில் ஏத்துங்க. அனல் மின் நிலையப் புகைபோக்கியும் தெரியும், சாம்பல் படிஞ்ச கரையும் தெரியும். அதோட நிறுத்திடாதீங்க, அது மட்டும் பார்த்தா மனுஷன் மனசு உடைஞ்சு போயிடுவார். பறியை வாயில் கவ்விக்கிட்டு, இடுப்பளவு தண்ணியில் கையால தடவி இறால் பிடிக்கிற பெண்களைக் காட்டுங்க. மடவை துள்றதைக் காட்டுங்க. இன்னும் உயிர் இருக்கு என்று தெரிஞ்சாத்தான் காப்பாத்தக் காசு வரும். ஒரு தடவை ஒரு பெரிய கம்பெனி அதிகாரி ஷூவோட சேத்தில் இறங்கி முழங்கால் வரை மாட்டிக்கிட்டார். நாலு அக்காங்க சேர்ந்து இழுத்தோம். ஷூ ஒண்ணு இன்னும் அங்கேயேதான் இருக்கு. அவர் இன்னிக்கு வரைக்கும் வருஷா வருஷம் பணம் அனுப்பறார்.

காகித வேலையைச் சுருக்கமா சொல்லிடறேன். சங்கப் பதிவு உங்களுக்கு இருக்கு. வருமான வரித் துறையில் 12ஏ, 80ஜி ரெண்டும் வேணும், அப்போதான் கொடுக்கிறவருக்கு வரிச் சலுகை. 2,000 ரூபாய்க்கு மேலே ரொக்கமா கொடுத்தா அந்தச் சலுகை கிடையாது, செக்காவோ வங்கி வழியாவோ வாங்குங்க. கம்பெனிகளோட சி.எஸ்.ஆர். பணம் என்பது 2013 கம்பெனிச் சட்டம் 135-ஆம் பிரிவில் வர்றது. சொத்து மதிப்பு 500 கோடி, இல்லை விற்றுமுதல் 1,000 கோடி, இல்லை நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒண்ணு இருந்தா, முந்தின மூணு வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவு பண்ணணும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் இருக்கு, தொழிற்சாலை இருக்கிற பகுதிக்கு முன்னுரிமை என்றும் சட்டத்திலேயே இருக்கு. அதை வாங்க நீங்க சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு பண்ணணும், மூணு வருஷ அனுபவம் காட்டணும். அதனால முதல் வருஷமே கம்பெனிக்குப் போக முடியாது, தனி மனுஷங்ககிட்ட ஆரம்பிங்க. வெளிநாட்டுப் பணத்துக்குத் தனிச் சட்டம், டெல்லி ஸ்டேட் பாங்க் கிளையில் தனிக் கணக்கு, அது இப்போதைக்கு நமக்கு வேண்டாம்.

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்தது உங்க எல்லாருக்கும் நினைவிருக்கும். பக்கிங்காம் கால்வாய் வழியா வந்து ஆத்தில் பரவி, வலை, படகு, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பாச்சு. பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே வழக்கு எடுத்தது. மீனவக் குடும்பம் 2,301-க்குத் தலா 12,500 ரூபாய், மத்த 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500, படகு 787-க்குத் தலா 10,000 என்று அரசு அறிவிச்சது. மொத்தம் 8 கோடி 68 லட்சம். அப்போ ஒரு அக்கா என்கிட்ட, "7,500 ரூபா தானம் கொடுத்தாங்கம்மா" என்றாங்க. தானம் இல்லைக்கா. பிழைப்பு போனதுக்கு வந்த நிவாரணம். போதுமா போதாதா என்று கேட்கிற உரிமை அதில் இருக்கு. தானத்தில் அந்த உரிமை கிடையாது. கொடுத்ததை வாங்கிட்டுக் கும்பிடணும். ஒரு வார்த்தை மாறினா நம்ம கை எங்கே இருக்குன்னு பாருங்க.

இதை நான் லேசா கத்துக்கலை. சில வருஷங்களுக்கு முன்னாடி, அந்த எண்ணெய்க்குச் சம்பந்தமில்லாத வேறொரு கம்பெனி, பேர் சொல்ல மாட்டேன், எங்க நிறுவனத்துக்கு 40 லட்சம் தர்றதா வந்தாங்க. அலையாத்தி நடறதுக்கு. அவங்க கழிவுத் தண்ணி பத்தி அக்கம்பக்கத்துக் குப்பத்து ஜனங்க புகார் கொடுத்திருந்த நேரம் அது. ஒப்பந்தத்தில் பதினோராவது பக்கத்தில் ஒரு வரி: கம்பெனி பத்தி எந்த இடத்திலும் பாதகமா கருத்துச் சொல்லக்கூடாது, எந்த விசாரணைக்கும் எங்க ஆய்வுக் கணக்கைக் கொடுக்கக்கூடாது. எனக்கு அந்த வருஷ இலக்கில் 40 லட்சம் குறைஞ்சிருந்தது. அப்படியே சரியா 40. நான் வாங்கலாம் என்று சொன்ன ஆள். மறைக்க மாட்டேன். "பணம் ஆத்துக்குத்தானே போகுது, யார் பணமா இருந்தா என்ன" என்று கூட்டத்தில் வாதம் பண்ணினேன்.

கையெழுத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி, நாத்தங்காலில் வேலை செய்யற அம்மா ஒருத்தங்ககிட்ட விஷயத்தைச் சொன்னேன். அவங்க நாத்துப் பையில் மண்ணை நிரப்பிக்கிட்டே கேட்டாங்க: "என் வீட்டுக் கூரையை உடைச்சவன் எனக்குப் புடவை எடுத்துக் குடுத்தா, புடவை நல்லாத்தான் இருக்கும். கூரையை யாரு கட்டறது?"

அந்த வரியை எடுத்தா வாங்கறோம் என்று கம்பெனிக்கு எழுதினோம். அவங்க எடுக்கலை. நாங்க வாங்கலை. இது ஏதோ வீரக்கதை மாதிரி முடியலை. அடுத்த ஏழு மாசம் நாத்தங்காலில் ரெண்டு பேருக்குச் சம்பளம் போட முடியலை, நின்னுட்டாங்க. அதில் ஒருத்தங்க, கூரைக் கதை சொன்ன அதே அம்மா. அவங்க என்கிட்ட கோவிச்சுக்கலை. கோவிச்சிருந்தா எனக்கு இன்னும் சுலபமா இருந்திருக்கும். சரியாத்தான் செஞ்சோமா என்று இன்னும் சில ராத்திரி யோசிக்கறேன். ஆனா அந்தக் கையெழுத்தைப் போட்டிருந்தா குப்பத்து ஜனங்க முகத்தைப் பார்த்திருக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

சட்டமும் இந்த வித்தியாசத்தை வெச்சிருக்கு. நம்ம வேலூர் மாவட்டத்துத் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: மாசு பண்ணினவரே செலவை ஏத்துக்கணும், பாதிக்கப்பட்டவங்களுக்கு ஈடு கொடுக்கிறதோட கெட்டுப்போன இயற்கையைச் சீர் பண்ற செலவையும் சேர்த்து. அதேபோல, வேறொரு சட்டப்படி கட்டாயமா செய்ய வேண்டிய வேலையை சி.எஸ்.ஆர். கணக்கில் எழுதக்கூடாது என்று அந்த விதியிலேயே இருக்கு. அதாவது, தான் கொட்டின கழிவைத் தானே அள்ளறதுக்குப் பேரு நன்கொடை இல்லை. யாராவது அப்படிக் கொண்டுவந்தா, தீர்மான நோட்டில் எழுதுங்க: "இது நஷ்டஈடா, நன்கொடையா?" பதில் எழுதாம அடுத்த தீர்மானத்துக்குப் போகாதீங்க.

அதுக்காகத் தொழிற்சாலைக்காரங்க யார்கிட்டயும் வாங்கக்கூடாது என்று நான் சொல்லலை. நம்ம வீட்டு ஆம்பளைங்க, பிள்ளைங்க அங்கேதான் வேலை செய்யறாங்க. புகாரும் வழக்கும் இல்லாத, வாய்ப்பூட்டு போடாத, கணக்கைத் திறந்து காட்டச் சொல்ற கம்பெனியா இருந்தா தாராளமா வாங்குங்க. அதுக்கு முன்னாடி ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிச்சுட்டு இன்னிக்கு எங்கெங்கேயோ இருக்கிற டாக்டர்களை யோசிங்க. நம்ம தெருவில் சுத்தினவங்க, நம்ம வார்டில் நம்மளைப் பார்த்துத் தொழில் கத்துக்கிட்டவங்க. மீன் ஏற்றுமதி பண்றவங்களை யோசிங்க, ஆறு செத்தா அவங்க தொழிலுக்கும் அடி. ஊரை விட்டுப் போய் நல்லா இருக்கிற நம்ம பிள்ளைங்களையும்.

அவங்ககிட்ட வெறுங்கையோட போகாதீங்க. ஆயிரம் உறுப்பினர் மாசம் 5 ரூபாய் ஒதுக்கினா வருஷத்துக்கு 60,000 ரூபாய். அந்தப் பாஸ்புக்கை மேசையில் வெச்சு, "இது எங்க பங்கு, காவலாளி ரெண்டு பேரும் எங்க உறுப்பினர்தான். மூணு வருஷத்துக்கு இவ்வளவு தேவை, நீங்க இந்தத் தொகை போடணும்" என்று கேளுங்க. வாங்கினதும் ஒரு வாரத்தில் ரசீது, ஆறு மாசத்தில் எத்தனை செடி செத்தது என்பதையும் சேர்த்து ஒரு கடிதம். செத்ததை மறைக்காதீங்க. செத்த கணக்கைப் படிச்சுட்டுத்தான் அடுத்த வருஷம் கூடக் கொடுத்தவங்களை நான் பார்த்திருக்கேன்.

எங்க அம்மா போன வருஷம் எங்க ஆபீஸுக்கு வந்தாங்க. பெரிய கொடையாளிகளுக்கு நாங்க அனுப்புற கணக்கு அறிக்கையைக் காட்டினேன். எழுதப் படிக்கத் தெரியாட்டியும் புரட்டிப் புரட்டிப் பார்த்துட்டு, "நம்ம குழு நோட்டு மாதிரிதான் இருக்கு. தவணை கட்டாதவங்க பக்கம் எது?" என்று கேட்டாங்க. நான் காட்டினேன்.

சமையல்கார அக்கா கையைக் காட்டறாங்க, பந்தி தயாராம். வர்ற ஞாயித்துக்கிழமை தண்ணி வத்துற நேரத்தில் படகு ஏற்பாடு பண்ணியிருக்கோம், இருபது பேருக்கு இடம் இருக்கு, பேர் கொடுக்கிறவங்க செயலாளர் அக்காகிட்ட கொடுங்க. ஷூ போட்டுட்டு வராதீங்க.